மைதானத்து இசை நிகழ்ச்சி: பக்கத்து மாடிவீடுகளுக்குப் போகும் பேஸை அடக்குவது எப்படி?

மைதானம்_5
கொழும்பு 5 இல் ஒரு மைதானத்தில் சனிக்கிழமை நிகழ்ச்சி, மாலை 5 முதல் இரவு 10 வரை. மூவாயிரம் பேர் வரலாம். பக்கத்துக்கு எட்டு லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் ஸ்பீக்கர்) பெட்டி, இரட்டை 18 அங்குல சப் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெட்டி) 12. மிக்சர் (ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசை) மேடையிலிருந்து 30 மீற்றரில். மேடைக்குப் பின்னால் 180 மீற்றரில் பத்து மாடிக் கட்டடம், முன்னால் 250 மீற்றரில் பழைய வீடுகள். மிக்சரில் எத்தனை டெசிபல் வைத்தால் முறைப்பாடு வராது? சட்டத்தில் உள்ள அளவு என்ன?

சவுண்ட்காரன்_13
முதலில் சட்டம். 1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் மாநகர சபைப் பகுதிக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50. அங்கே "இரவு" மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும், பலர் கோட்டை விடுவது இதில்தான். மருத்துவமனை, பாடசாலை எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் என்றால் அது அமைதி வலயம். 50, 45 என்று இன்னும் இறங்கும். வரைபடத்தில் முதலில் அதைப் பாருங்கள். ஒலிபெருக்கிக்குத் தனியாகப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2007 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நீங்கள் 10 மணிக்கு முடிப்பது நல்லது. ஆனால் கடைசிப் பாட்டு 9.50க்கு முடிய வேண்டும், 10க்குத் தொடங்கக் கூடாது.

இனிக் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க 6 டெசிபல் குறையும். மிக்சரில் 98 என்றால் 180 மீற்றரில், ஸ்பீக்கருக்கு நேரே நிற்பவருக்கு, 82 சொச்சம். அதாவது 50 என்ற எண்ணை வெறும் வொலியூம் குறைத்து எட்ட முடியாது. அதனால் "எத்தனை டெசிபல்" என்ற கேள்வியை விட "எந்தத் திசைக்கு, எந்த அதிர்வெண்" என்ற கேள்விதான் உங்களுக்கு உதவும்.

மாடிவீட்டுக்காரரைத் தொந்தரவு செய்வது பாட்டு அல்ல, பேஸ். சாதாரண மீற்றரில், காதின் உணர்திறனுக்கேற்ப அளக்கும் A அளவுகோல் 63 ஹேர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துத்தான் காட்டும். அங்கே 90 அடித்தாலும் மீற்றரில் 64 தான் தெரியும். நீங்கள் மீற்றரைக் காட்டி நியாயம் பேசுவீர்கள், அங்கே அலுமாரிக் கதவு அதிர்ந்துகொண்டிருக்கும். பேஸை அதிகம் கழிக்காத C அளவையும் சேர்த்துக் குறியுங்கள். C, A யை விட 15 க்கு மேல் கூடினால் சப்பைக் குறைக்க வேண்டிய நேரம்.

உங்கள் 12 சப்பையும் மூன்று மூன்றாக நான்கு அடுக்காக்கி, நடுப்பெட்டியை மட்டும் பின்பக்கம் திருப்பி கார்டியோயிட் (பின்பக்க ஒலி அடங்கும் அமைப்பு) செய்யுங்கள். டிலேயும் (ஒலியைத் தாமதிப்பது) துருவ மாற்றமும் (ஒலியலையைத் தலைகீழாக்குவது) கம்பனி ப்ரீசெட்டில் இருக்கும், கையால் ஊகிக்க வேண்டாம். சரியாக அமைந்தால் பின்பக்கம் 10 டெசிபல் வரை குறைவதைக் காதாலேயே உணரலாம். கெடுவது எங்கே என்றால்: அடுக்கை மேடைப் பலகைக்கு அடியில் தள்ளுவது, பின்னால் ஒரு மீற்றருக்குள் கொள்கலனோ சுவரோ இருப்பது, ஒரு கேபிளில் துருவம் மாறியிருப்பது. சோதிக்க மேடைக்குப் பின் 20 மீற்றரில் ஒருவர் மீற்றருடன் நிற்கட்டும். 60 ஹேர்ட்ஸ் தொனியைப் போட்டு, திருப்பிய பெட்டிகளை மியூட் செய்து பிறகு திறக்கவும். திறந்ததும் அளவு இறங்க வேண்டும். ஏறினால் துருவம் தலைகீழ்.

மைதானம்_5
நன்றி அண்ணை. அப்படியென்றால் முன்பக்கத்து வீடுகளுக்கு கார்டியோயிட் உதவாதே? வெளியிலிருந்து வரும் டிஜேக்கள் சப்பை ஏற்றச் சொன்னால் என்ன செய்வது?

சவுண்ட்காரன்_13
உதவாது, உண்மை. அந்தப் பக்கத்துக்கு இரண்டு வழி. ஒன்று, லைன் அரேயின் மேல்பெட்டியைக் கடைசி வரிசைத் தலைகளுக்கு மேல் போகாதபடி கோணம் வைப்பது. மற்றது, பிரதான அரேயைக் குறைத்து, 40 மீற்றரில் சிறிய டிலே ஸ்பீக்கர் நிறுத்துவது. 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீற்றர், 40 மீற்றருக்கு 115 மில்லிசெக்கன் டிலே. பத்து மில்லிசெக்கன் கூட்டிக் கொடுத்தால் சத்தம் மேடையிலிருந்து வருவது போலவே கேட்கும்.

டிஜே விஷயத்துக்கு வாய்ச்சொல் போதாது. புரொசசரில் லிமிட்டரை (வைத்த அளவைத் தாண்டவிடாத அமைப்பு) போட்டுக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள், 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் வெட்டுங்கள். ஒப்பந்தத்திலேயே "15 நிமிட சராசரி மிக்சரில் 95, மீறினால் சப்புக்குப் போகும் ஒலி குறைக்கப்படும்" என்று எழுதுங்கள். சராசரி என்ற சொல் முக்கியம், ஒரு அடியின் உச்சத்தை வைத்துச் சண்டை வரும்.

பகல் 3 மணிச் சோதனையை நம்பி இருக்க வேண்டாம். வெயிலில் நிலம் சூடாக இருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளையும். இருட்டி நிலம் குளிர்ந்தால் கீழ்நோக்கி வளைந்து தூர வீடுகளில் இறங்கும். அதே ஃபேடர் (ஒலியளவு) நிலையில் இரவு கூடுதலாகக் கேட்பது அதனால்தான். மாலையில் கடற்காற்று கரைக்கு வீசும், அதனால் மேடை கிழக்கே பார்த்தால் முன்பக்கத்தார் காற்று ஒலியைச் சுமந்து போகும் திசையில் இருப்பார்கள். 7.30க்கு மறுபடி அளவிடுங்கள்.

எட்டாம்_மாடி
குடியிருப்பாளர் பக்கத்திலிருந்து. இரண்டு வாரம் முன்பே துண்டுப்பிரசுரம் கொடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அதில் தொடங்கும் நேரம், முடியும் நேரம், சவுண்ட் செக் நேரம், அத்தோடு இரவு முழுக்க யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கம். சவுண்ட் செக்கைச் சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலும் முதல் கோபம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் பரீட்சைக் காலத்திலும் வைக்காதீர்கள்.

இலக்கத்துக்கு அழைப்பு வந்தால் மிக்சரில் நிற்பவருக்கு வோக்கியில் போக வேண்டும், ஐந்து நிமிடத்தில் சப் 3 டெசிபல் குறைய வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் அடுத்த அழைப்பு பொலிஸின் 119 க்குத்தான்.

குறைப்பதைக் காட்ட அளவீடும் வேண்டும். ஃபோன் செயலி பேஸில் தவறும். 94 டெசிபல் காலிபிரேட்டருடன் இரண்டாம் வகுப்பு மீற்றர் வாடகைக்கு எடுத்து, முந்தைய வாரச் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில்லாத பின்னணியை அளவிடுங்கள், வீதிப் போக்குவரத்தும் அதில் வரும். சுவரிலிருந்து 3.5 மீற்றர் தள்ளி, தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில், காற்றுத்தடுப்புப் பஞ்சுடன். சுவரோரம் அளந்தால் எதிரொலியால் 3 டெசிபல் வரை கூடிக்காட்டும், அதை வைத்து நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வீர்கள்.

மேல்மாடியில் மதில் எதுவும் மறைக்காது. கண்ணாடி யன்னல் மூடிய ஏ.சி. அறையில் பாட்டின் உயர்சுருதி வெட்டுப்பட்டு "டும் டும்" மட்டும் மிஞ்சும். அதனால் கடைசி ஒரு மணித்தியாலத்தில் கிக்கும் பேஸ் கிட்டாரும் குறைந்த, குரல் முன்னுக்கு நிற்கும் நிகழ்ச்சிகளை வையுங்கள். டிஜேயை 7 மணிக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

மைதானம்_5
டிஜேயை முன்னுக்கு மாற்றலாம், கடைசியில் பாடகர் குழு. மேடையை மேற்கே பார்க்கத் திருப்ப இடமிருக்கிறதா என்று நாளை மைதானத்தில் அளந்துவிட்டுச் சொல்கிறேன்.