கன்வர்ஷன் சிலிண்டர்: ‘தோட்டா ஏற்புருளை’ எனலாமா?

வணக்கம். கேப் (சுத்தியல் அடித்ததும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் பழைய சுழல்துப்பாக்கியில் தோட்டா போட்டுச் சுடுவதற்காகப் பொருத்தப்படும் ‘கன்வர்ஷன் சிலிண்டர்’ என்ற உறுப்புக்கு ‘மாற்று உருளை’, ‘உருமாற்றி உருளை’, ‘ஊடுதுளை உருளை’ ஆகிய மூன்று தமிழ்ச் சொற்கள் இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த உறுப்பு செய்யும் வேலையிலிருந்தே காரணத்தைச் சொல்கிறேன்.

1858 ரெமிங்டன் என்று பரவலாக அழைக்கப்படும் துப்பாக்கியை இத்தாலியின் உபெர்ட்டி, பியெட்டா நிறுவனங்கள் இன்றும் பழைய அமைப்பிலேயே செய்து விற்கின்றன. அதன் உருளையில் ஒவ்வோர் அறையும் பின்புறம் அடைபட்டிருக்கும். கேப்பைச் செருகுவதற்கான சிறு காம்பு மட்டும் அங்கே திருகப்பட்டிருக்கும். கரிமருந்தையும் ஈயக் குண்டையும் முன்புறமாகப் போட்டு, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் கெட்டிக்க வேண்டும். தோட்டா போட விரும்புபவர், சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, நெம்புகோலைத் தாழ்த்தி, அச்சை முன்னே இழுத்ததும் உருளை பக்கவாட்டில் கையோடு வந்துவிடுகிறது. அந்த இடத்துக்கு வரும் புது உருளையில் அறைகள் பின்புறமும் திறந்திருக்கும். அவற்றை மூடத் தனியாக ஒரு பின்தட்டு உண்டு. தட்டைக் கழற்றி, தோட்டாக்களைப் போட்டு, மறுபடி மூடி, மொத்தமாகத் துப்பாக்கியின் சட்டகத்துக்குள் செலுத்த வேண்டியதுதான். குழலோ விசையோ சுத்தியலோ மாறுவதில்லை.

‘மாற்று உருளை’ என்றால் கைவசம் உபரியாக வைத்திருக்கும் இன்னோர் உருளை என்றுதான் எவரும் கொள்வார்கள். அப்படிப்பட்ட உபரி உருளையும் உண்மையிலேயே உண்டு. 1836இல் தொடங்கிய கோல்ட் பேட்டர்சன் துப்பாக்கிகளின் பெட்டிகளிலேயே அது வைத்து விற்கப்பட்டது. ‘உருமாற்றி’ என்பது மின்துறையை நினைவூட்டுவதோடு, உருளையே ஏதோ ஒன்றை வேறொன்றாக ஆக்குவது போன்ற மயக்கத்தையும் தருகிறது.

‘ஊடுதுளை உருளை’ நல்ல சொல்தான், ஆனால் வேறொரு கருத்துக்கு உரியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறையைத் துளைத்துப் பின்புறமாகத் தோட்டா போடும் அமைப்புக்கு ரோலின் வைட் 1855இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்; அந்த உரிமையின் பலத்தில் ஸ்மித் & வெஸ்ஸன் 1857இல் தன் முதல் சுழல்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. காப்புரிமை 1869 வரை நீடித்ததால் மற்றவர்களுக்கு வழி அடைபட்டது. ரெமிங்டன் உரிமைத்தொகை செலுத்தியே தன் துப்பாக்கிகளைத் தோட்டாவுக்கு மாற்றியது. கோல்ட் நிறுவனமோ, தூயர் என்பவரின் 1868ஆம் ஆண்டுக் காப்புரிமையைக் கொண்டு, பின்புறம் குறுகிய தோட்டாவை முன்புறமாகவே செருகும் உருளையைச் செய்தது. காப்புரிமைச் சட்டத்தில் சிக்காமல் இருக்கவே பிறந்த விசித்திரம் என்பேன். ஆனால் அதுவும் கன்வர்ஷன் சிலிண்டர்தான், ஊடுதுளை கொண்டதன்று. காப்புரிமை முடிந்தபின் வந்த ரிச்சர்ட்ஸ் முறையிலோ, பழைய உருளையின் பின்பகுதியையே வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஒரு வளையத்தட்டைப் பொருத்தினார்கள்.

இன்றைய பின்தட்டு உருளை, தூயர் உருளை, ரிச்சர்ட்ஸ் உருளை ஆகிய மூன்று வகைக்கும் பொதுவாக இருப்பது தோட்டாவை ஏற்பது ஒன்றே. எனவே ‘தோட்டா ஏற்புருளை’ என்று முன்மொழிகிறேன். இடம் தெளிவாக இருக்கையில் ‘ஏற்புருளை’ என்று சுருக்கலாம். இக்காலத் துப்பாக்கியின் உருளையும் தோட்டாவைத்தானே ஏற்கிறது என்று கேட்கலாம். பிறவியிலேயே தோட்டாவுக்காக அமைந்ததை வெறும் ‘உருளை’ என்றாலே போதுமே.

வரையறையில் ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும்: கரிமருந்து அல்லது அதையொத்த குறைந்த அழுத்தம் தரும் தோட்டாக்களுக்கு மட்டுமே உரியது, பித்தளைச் சட்டகமுள்ள துப்பாக்கியில் பொருத்தக் கூடாது.

சில தயாரிப்புகளில் பின்தட்டில் அறைக்கு ஒன்றாகவும், வேறு சிலவற்றில் எல்லா அறைகளுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றாகவும் இருக்கும், தோட்டாவின் பின்புறத்தில் அடித்து அதை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னுக்கு ‘அடிமுள்’ என்று எழுத நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் தெரிவியுங்கள்.