பெரியவர்களுக்குச் சிங்களம் படிப்பிக்க என்ன வழி?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பின்னேரம் சிங்கள வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் கடையில் நிற்பவர்கள், அம்மாமார். எழுத்துகளைக் கொப்பியில் அழகாக எழுதுகிறார்கள், அடுத்த கிழமை மறந்துவிடுகிறது, சிலர் வெட்கப்பட்டு வராமலே நின்றுவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: எழுத்து வரிசையில் தொடங்காதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் கிளினிக் கொப்பி, கரண்ட் பில், தினமும் ஏறும் பஸ்ஸின் பெயர்ப்பலகை, இவற்றைக் கொண்டுவரச் சொல்லி அதிலிருந்து பிடியுங்கள். பாணந்துறை - புறக்கோட்டை ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஊர்ப்பெயர் ஏற்கெனவே தெரியும், எழுத்தைப் பொருத்திப் பார்த்தால் போதும். பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே என்ற கல்வியாளர் 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு இப்படித்தான், அவர்களுடைய வேலையிலும் வாழ்க்கையிலும் புழங்கும் சொற்களை எடுத்து, முதலில் அதைப் பற்றிப் பேசவிட்டு, பிறகு அசை அசையாகப் பிரித்து வாசிக்கப் பழக்கினார். அந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

பதில் 2: மறதிக்கு ஒன்று சொல்கிறேன். வகுப்பு தொடங்கியதும் கொப்பியை மூடவைத்து, போன கிழமை படித்ததில் நினைவிருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுப்பதுதான் மனதில் நிற்கும். அப்புறம், ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர் என்று இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள். எல்லோர் முன்னாலும் திருத்த வேண்டாம், அதில்தான் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள்.

பதில் 3: நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும், சொல்ல மாட்டார்கள். தாள்களைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள் அக்கா.