எலியட்ஸ் பீச் தண்ணீர்: மாதிரி எப்போ, எங்கே எடுக்கலாம்?

கேள்வி: காணும் பொங்கல் கூட்டத்தால் சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் கடல்நீர் எவ்வளவு கெடுதுன்னு சோதிக்கணும். எப்படி மாதிரி எடுப்பது?

பதில் 1: கூட்டம் கூடும் நாளில் மட்டும் அளந்தா ஏமாந்துடுவீங்க சார். வடகிழக்குப் பருவமழையில் அடையாறு முகத்துவாரத்து மணல்திட்டு உடைஞ்சு, தேங்கின கழிவுநீர் கடலுக்கு வரும். அந்த மாசங்களில் கரையோர நீரோட்டம் தெற்கே போகும். நேரா பெசன்ட் நகர்தான். பொங்கலுக்கு முந்தின வாரமே, மழையில்லாத நாளில் ஒப்பிட ஒரு மாதிரி எடுத்து வைங்க.

பதில் 2: இடுப்பளவு ஆழத்தில், மேல்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே எடுங்க. கிருமிநீக்கிய பாட்டிலை வாய் கீழா இறக்கி, உள்ளே போனதும் அலை வரும் பக்கம் திருப்பணும். குலுக்க வசதியா மேலே கொஞ்சம் காலியிடம் விடுங்க. ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கணும். வெயிலில் கிடந்தா கிருமி செத்து, தண்ணீர் சுத்தம்னு முடிவு வந்துடும், அது ஆபத்து. குளிக்கும் கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்பு, 100 மி.லி.க்கு மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 100.

பதில் 3: எண்டிரோகாக்கஸும் (மலக் கலப்பைக் காட்டும் இன்னொரு பாக்டீரியா) சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்க, உப்புநீரில் அதுதான் அதிகநேரம் சாகாம தாங்கும். ஈர மணலையும் எடுங்க. பஜ்ஜிக்கடை எண்ணெய், சிறுநீர் எல்லாம் முதலில் மணலில்தான் இறங்கும், அடுத்த மழை கடலுக்கு அடிச்சுட்டுப் போகும்.