லிம்போ மாதிரி நிழல் பாவை அனிமேஷன்: தனி ஆளாக, போனில் எடுக்கலாமா?

வெள்ளவத்தை_நிழல்

வணக்கம். 2010இல் வந்த லிம்போ விளையாட்டின் கறுப்பு வெள்ளைத் தோற்றத்தில், மட்டையில் பாவை வெட்டி, ஒவ்வொரு படமாக எடுத்து ஒரு நிமிட அனிமேஷன் செய்ய யோசனை. உதவிக்கு ஆள் இல்லை. கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன், ஒரு மேசை, சீலிங்கில் பூட்டுகிற 18 வாட் எல்இடி பேனல் ஒன்று. பாவையைக் கண்ணாடிமேல் கிடத்தி, போனை மேலிருந்து பார்க்க வைத்து, பேனலைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் போதுமா? மூட்டு எப்படிப் போடுவது? அந்தக் காட்டுப் புகைமூட்டம் எப்படி வரும்?

மட்டையும்_கத்தியும்

முதலில் கணக்கு. நொடிக்கு 12 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720. படத்துக்கு இரண்டு நிமிடம் பிடித்தால் 24 மணித்தியாலம். தனி ஆளுக்கு முதல் வேலை 20 நொடி போதும்: 240 படம், 8 மணித்தியாலம், இரண்டு இரவு.

பேனலை நேராக வைக்காதீர்கள், வெளிச்சம் அளவுக்கு மிஞ்சிவிடும். அதை அடக்க போன் ஷட்டர் நேரத்தை (ஒரு படம் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/1000 நொடிக்கும் கீழே குறைத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 தரம் மினுங்கும். வேக ஷட்டரில் அது படத்தில் பட்டை பட்டையாக விழும். பதிலாக 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றை (இரண்டடிக்கு ஒன்றரை அடி, கடையிலேயே ஓரம் தீட்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் கை கிழியும்) இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே வையுங்கள். கீழே தரையில் வெள்ளை மட்டை. 9 வாட் பல்பை அந்த மட்டையைப் பார்க்கத் திருப்புங்கள், கண்ணாடியைப் பார்க்க அல்ல. தெறித்து வரும் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் 1/50 அல்லது 1/25 ஒத்துவரும்.

பாவை 12 சென்டிமீட்டர் உயரம். அதற்குக் கீழே போனால் முழங்கால் மூட்டு விரலுக்கு அகப்படாது. மூட்டு சேரும் இரண்டு நுனியையும் ஒரே அளவு வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று முழுதாக ஏறும்படி வையுங்கள். அப்போதுதான் மடக்கும்போது வெளிச்சம் கசியாது. ஊசியால் துளைத்து, பழைய ட்ரான்ஸ்ஃபோமரில் உரித்த மெல்லிய செம்புக் கம்பியை நுழைத்து, இரு பக்கமும் சுருட்டி நசுக்கினால் பிடிப்பு சரியாக இருக்கும். பித்தளைப் பின் தடிப்பு, பாவையைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிடும்.

முகம் எப்போதும் பக்கவாட்டில்தான், தோற்பாவைக் கூத்தில் போல. மறுபக்கம் திரும்ப வேண்டுமா? பாவையைப் புரட்டிப் போடுங்கள், நிழலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது.

கோட்டை_ரயில்

மூட்டு, வெளிச்சம் எல்லாம் மேலே சொன்னதுதான். ஆனால் மட்டைக்குப் பிரிஸ்டல் போர்ட் (தடித்த காகித அட்டை) வாங்கப் போறீங்கள் என்றால் நில்லுங்கோ. கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் அது ஒரே இரவில் வளையும், நடுவில் விட்டுப்போன காட்சி அடுத்த நாள் பொருந்தாது. புத்தகக் கடையில் கிடைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் கவரில் வெட்டுங்கோ. ஈரம் குடிக்காது. குறை என்னவென்றால் வழுக்கும். வெள்ளைப் பசையும் அதில் ஒட்டாது, இரட்டைப் பக்க டேப்தான். வழுக்கலுக்கு ஈயக்கம்பியைத் தட்டி, பாதத்திலும் இடுப்பிலும் ஒட்டி பாரம் ஏற்றுங்கோ. பிறகு கை கழுவ மறக்காதேங்கோ.

மின்விசிறியை நிப்பாட்டித்தான் எடுக்க வேணும், பாவை பறக்கும். அதனால்தான் இரவு நல்லது, ஜன்னல் வெளிச்சமும் மாறாது.

மூட்டம்

மூட்டத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அந்த விளையாட்டின் அழகே அதில்தான் இருக்கிறது; பாவையில் அவ்வளவாக ஒன்றுமில்லை.

ட்ரேசிங் பேப்பர்தான் மூட்டம். பாவை இருக்கும் கண்ணாடியின் அடியில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதற்கு 1 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கண்ணாடியில் நடுத்தூர மரங்கள், அதன் அடியில் இன்னொரு தாள், மேலும் 2 சென்டிமீட்டர் கீழே தூரத்து மரங்கள். தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும் உருவம் கூராகத் தெரியும், விலக விலக ஓரம் கரைந்து சாம்பலாகும். போனின் சென்சர் சிறியது, லென்ஸால் இந்த மங்கல் வராது, தாளால்தான் வரும். ஒவ்வொரு தாளும் வெளிச்சத்தைக் குடிக்கும், ஆகவே பல்பைக் கிட்டக் கொண்டுவர வேண்டிவரும்.

விளையாட்டின் நாயகனான, கண் மட்டும் ஒளிரும் பையன் திரையில் மிகச் சிறியவன். 12 சென்டிமீட்டர் பாவையை அந்த அளவுக்குக் காட்ட ஒரு வழி: பாவையை வெறும் வெள்ளைப் பின்னணியில் தனியாக எடுங்கள், காட்டைத் தனியாக எடுங்கள். எடிட்டிங்கில் பாவையைச் சிறிதாக்கி, மல்டிப்ளை (இரண்டு அடுக்கையும் பெருக்கிக் கலக்கும்) முறையில் காட்டின்மேல் வைத்தால் வெள்ளை தானாக மறையும். பச்சைத் திரையே தேவையில்லை. கண்ணுக்குத் துளை போட்டால் அதிலும் காட்டின் சாம்பல்தான் தெரியும், ஒளிராது. கண்ணை மேல் அடுக்கில் வெள்ளைப் புள்ளியாக வையுங்கள்.

இன்னொன்று: வெளிச்சத்தையும் அமைதியையும் எடுங்கள், அந்தப் பையனையே எடுக்காதீர்கள். உருவமும் ஒலியும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வெள்ளவத்தை_நிழல்

மிக்க நன்றி எல்லோருக்கும். சோதனைக்கு 36 படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு பிழை: ஓட்டினால் வெளிச்சம் கூடிக் குறைகிறது, நடக்கும்போது பையன் பனிக்கட்டியில் வழுக்குவது போல இருக்கிறது.

மட்டையும்_கத்தியும்

வெளிச்சத்துக்கு: ஃபோகஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர், வைட் பேலன்ஸ் (வெள்ளையின் நிறச் சமநிலை) நான்கையும் கையால் பூட்டுங்கள். ஒன்று ஓட்டோவில் கிடந்தாலும் போதும், பாவை நகர நகர போன் கணக்கை மாற்றும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ செயலியில் பூட்டலாம், முந்தைய படம் மங்கலாக மேலே தெரியும் வசதியும் உண்டு. அதற்குப் பிறகும் மாறினால் உங்கள் சட்டையைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெறிக்கும். கறுப்பு உடுத்தி, அறை விளக்கை அணைத்து, போனைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுங்கள். திரையைத் தொட்டுப் படம் எடுக்க வேண்டாம், புளூடூத் ரிமோட்டால் எடுங்கள்.

வழுக்கலுக்கு: ஒரு எட்டுக்கு (ஒரு காலடிக்கு) 6 படம். எட்டின் நீளம் 42 மில்லிமீட்டர் என்றால் இடுப்பு படத்துக்கு 7 மில்லிமீட்டர் முன்னே போக வேண்டும், ஊன்றிய பாதம் அந்த 6 படத்திலும் அசையக்கூடாது. பெரும்பாலானோர் இடுப்பை நகர்த்தும்போது பாதமும் கூடவே இழுபடும். ஊன்றிய பாதத்தில் ஒரு துண்டு புளூ டாக் (பிசைந்து ஒட்டும் பசைக்களி) வைத்துவிட்டு இடுப்பை நகர்த்துங்கள். கண்ணாடியின் ஓரத்தில், படத்துக்கு வெளியே, 7 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு மார்க்கரால் போடுங்கள். இரண்டு கால்களும் தாண்டும் மூன்றாவது படத்தில் இடுப்பை 2 மில்லிமீட்டர் உயர்த்துங்கள், பாரம் தெரியும்.

கோட்டை_ரயில்

ஓட்டத்துக்கு எட்டுக்கு 4 படம். 6 வைத்தால் ஓட்டம் மாதிரித் தெரியாது, அவசரமாகக் கடைக்குப் போற மாதிரி இருக்கும்.