தெர்த்துல்லியன் லுக்ரேசியாவைப் புகழ்ந்தது ஏன்?

மணல்மேடு:
"ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" என்று, அதாவது கிரேக்கத் தத்துவத்துக்கும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர், தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். அவரே கி.பி. 197 வாக்கில் சிறையிலிருந்த கிறிஸ்தவர்களுக்கு எழுதியதில் லுக்ரேசியா (பலாத்காரத்துக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்ட ரோமப் பெண்), ரோம வீரர் மூசியுஸ், ரோமத் தளபதி ரெகுலுஸ், கார்த்தேஜ் அரசி தீதோ என்று புறச்சமயத்தாரை முன்மாதிரியாக அடுக்குகிறார். முரண்தானே? கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

பனையோலை:
முரண் இல்லை. ஏதென்ஸ் வரி வரும் இடத்தைப் பாருங்கள். திருச்சபை மறுத்த போதகர்களில் வலெந்தீனுஸ் பிளேட்டோவிடமிருந்தும் மார்சியோன் ஸ்டோயிக் தத்துவவாதிகளிடமிருந்தும் சரக்கு எடுத்தார்கள் என்று அங்கே சாடுகிறார். கோபம் கோட்பாட்டின் மேல்தான். சிறையிலிருப்பவர்களுக்குக் காட்டுவதோ செயலை: நெருப்பில் கையை வைத்த மூசியுஸ், சித்திரவதை காத்திருப்பது தெரிந்தும் எதிரி நகரான கார்த்தேஜுக்குத் திரும்பிய ரெகுலுஸ். கண்ணாடி மணிக்கே இவ்வளவு விலை என்றால் அசல் முத்துக்கு எவ்வளவு தரலாம் என்று முடிக்கிறார். அதாவது புகழும்போதே கண்ணாடி என்றும் சொல்லிவிடுகிறார். அந்த வரியை விட்டுவிட்டுப் பாராட்டை மட்டும் மேற்கோள் காட்டினால் கட்டுரை திசைமாறிவிடும்.

வேம்படி:
லுக்ரேசியாவை மட்டும் பின்தொடர்ந்தாலே போதும், கட்டுரை தேறிவிடும். தெர்த்துல்லியனுக்கு அவள் சாவுக்கு அஞ்சாதவள். 393இல், கன்னிமையும் திருமணமும் சமம் என்ற யோவினியானை மறுத்தெழுதிய திருச்சபை அறிஞர் ஜெரோம், கற்பில் சிறந்த ரோமப் பெண்களில் அவளையே முதலில் வைக்கிறார். 410இல் ரோம் சூறையாடப்பட்டதும் கதை மாறியது. பலாத்காரத்துக்கு ஆளான கிறிஸ்தவப் பெண்கள் ஏன் உயிரை விடவில்லை என்று புறச்சமயத்தாரிடமிருந்து ஏளனம் கிளம்பியது. ஆயர் அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' நூலின் 1.19இல் திருப்பிக் கேட்டார்: அவள் உடன்பட்டிருந்தால் ஏன் புகழ்கிறீர்கள்? கற்புள்ளவள் என்றால் ஏன் கொல்லப்பட்டாள்? மனம் இணங்காதபோது கற்பு போவதில்லை; ஆகவே அவள் கொன்றது ஒரு குற்றமற்றவளை. ரெகுலுஸ் மட்டும் அவரிடம் தப்பிக்கிறார். தற்கொலை செய்யாமல், எதிரிக்குக் கொடுத்த வாக்கைக் காத்ததால், தற்கொலை செய்துகொண்ட ரோம அரசியல்வாதி கேட்டோவைவிட உயர்ந்தவராம்.

மணல்மேடு:
நன்றி. புறச்சமயத்தார் விஷயத்தில் 4ஆம் நூற்றாண்டு ஆயர் பசிலியாரும் இப்படித்தானா?

பனையோலை:
அவர் பேசுவது பாடசாலை இளைஞர்களிடம், தொனியே வேறு. முகம் வீங்கும்வரை ஒருவன் அடித்தும் சாக்ரடீஸ் பொறுத்துக்கொண்டார். சிலையில் சிற்பி பெயர் பொறிப்பதுபோல் 'இன்னார் செய்தது' என்று நெற்றியில் எழுதிக்கொண்டதோடு சரி. மறுகன்னத்தைக் காட்டச் சொன்னதற்கு இது நெருக்கம் என்கிறார் பசிலியார். உண்மைக்குக்கூட ஆணையிட மறுத்து 3 தாலந்து என்ற பெருந்தொகையை அபராதமாகக் கட்டிய, பித்தாகோரஸ் வழிவந்த கிளீனியாஸைப் பற்றி, ஆணையிடாதே என்ற நம் கட்டளையைக் கேள்விப்பட்டிருப்பார் என்கிறார். கிளீனியாஸ் பிளேட்டோ காலத்தவர், இயேசுவுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர். அந்தக் கட்டளை வரும் இயேசுவின் மலைப்பொழிவை நினைத்துப் பசிலியார் சொன்னார் என்றால் காலக்கணக்கு இடிக்கும். கிரேக்கர் மோசேயிடம் கடன் வாங்கினார்கள் என்று தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் யுஸ்தினும் கிளெமெந்தும் சொல்லிவந்த வாதத்தோடு சேர்த்துப் படியுங்கள்.