சிவப்பு விளக்கு எரிந்த இரவு

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தொலைக்காட்சியும் இணையமும் வீட்டுத் தொலைபேசியும் ஒரே நொடியில் நின்றுபோயின. சுவரோரம் இருந்த கண்ணாடி இழை (ஃபைபர்) இணைப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சியின் செய்திக்காகக் காத்திருந்த அம்மா, "கேபிள் போயிருச்சாப்பா?" என்று கேட்டார். அவர் கேபிள் என்று நினைத்திருந்த கம்பி எங்கள் வீட்டுக்கு வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

முன்பு தொலைபேசிக்குச் செம்புக் கம்பி, கட்டண ஒளிவழிகளுக்கு (சேனல்களுக்கு) கேபிள், மற்றவற்றுக்கு வானலை எனத் தனித்தனிப் பாதைகள் இருந்ததால், ஒன்று பழுதானால் மற்றவை தொடர்ந்து இயங்கின. இன்று குரல், படம், எழுத்து அனைத்தும் தரவாக மாறி ஒரே இழையில் வருகின்றன. விட்ட நாடகத்தை எம்ஆர்டி ரயிலில் வரும்போது மீவாட்ச் என்ற காணொளிச் செயலியில் பார்த்து முடிக்கும் வசதியை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனால் இத்தனையையும் ஒரே இழையை நம்பி விட்டிருக்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கைத்தொலைபேசியின் 4ஜி இணைப்பு வேறு பாதையில் வருவதால் அது வேலை செய்தது. செய்தியை அதில் போட்டுக் கொடுத்தேன். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவால் அந்தச் சிறிய திரையை ஐந்து நிமிடங்களுக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அலமாரியின் மேல் கிடந்த, வானலையில் வரும் மின்னிலக்க (டிஜிட்டல்) ஒளிபரப்பைப் பெறும் பெட்டி நினைவுக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு முடிவை ஒட்டிப் பழைய அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தபோது வாங்கியது. உள்ளங்கை அகல ஆண்டெனாவும் அதனுடன் இருந்தது. தூசியைத் துடைத்து, எச்டிஎம்ஐ கம்பியைச் செருகி, ஆண்டெனாவைச் சன்னல் கம்பியில் கட்டி, ஒளிவழிகளைத் தேடவிட்டேன். இரண்டு நிமிடங்களில் வசந்தம் துல்லியமாகத் தெரிந்தது. வானலையில் வரும் ஒளிபரப்புக்கு இணையம் தேவையில்லை, சந்தாவும் இல்லை.

செய்தியின் பிற்பாதியை அம்மா நிம்மதியாகப் பார்த்தார். இழை மறுநாள் மாலைதான் சரியானது. அந்தப் பெட்டியை நான் மீண்டும் அலமாரியில் ஏற்றவில்லை. அதன் ரிமோட்டில் அழுத்த வேண்டிய இரண்டு பொத்தான்களுக்குச் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.