காந்தால் மலைச் சாலைகள்: முரா சுற்றுக்கு யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. பிரான்சின் மாசிஃப் சென்ட்ரல் மலைப்பகுதியில் உள்ள காந்தாலில், ஜூன் கடைசியில் இரண்டு பேர் ரோட் சைக்கிளில் ஒரு நாள் சுற்று. முரா ஊரில் தொடங்கி D680 சாலை வழியாக பா த பெய்ரோல் கணவாய் (1589 மீ), இறங்கி மாந்தாய், கோல் த பெர்த்துஸ் கணவாய் (1309 மீ), லியோரான், மறுபடி முரா. சுமார் 70 கி.மீ.

கவலை பெர்த்துஸ்தான். 2024 டூர் த பிரான்சும் இதில் ஏறியது: 4.4 கி.மீ, சராசரி 7.9%. சராசரியை நம்பக் கூடாது, நடுவே இன்னும் செங்குத்தாக இருக்கும். இப்போது முன்னால் 50/34 பல் கிராங்க், பின்னால் 11-28 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி). நிமிடத்துக்கு 70 மிதி என்றால் மிக லேசான கியரிலேயே மணிக்கு 10.7 கி.மீ வேகம் வேண்டும். பையோடு அது முடியாது. பின்னால் 34 பல் போட்டால் 8.8 கி.மீ போதும், ஆனால் பின் டிரெய்லியரும் (கியர் மாற்றும் கருவி) செயினும் மாற்ற வேண்டும். 11-32 போதுமா?

அடுத்தது, லியோரானிலிருந்து முரா வரை N122 நெடுஞ்சாலையில் லாரி அதிகம். லவெய்சியேர் பக்கம் தார் போட்ட கிளைச்சாலை தொடர்ச்சியாக உண்டா? மிஷெலின் வரைபடத்தில் வெள்ளைக் கோடு (சிறு சாலை) இருந்தாலும் தரம் தெரிவதில்லை.

கோடையில் தார் ஊற்றி ஜல்லி தூவும் வேலை நடக்கும். "கிராவியோன்" (ஜல்லி) எச்சரிக்கைப் பலகைக்குப் பின் வளைவில் பிரேக் பிடித்தால் சறுக்கும். 28 மி.மீ டயருக்கு 70 கிலோ ஆள் எவ்வளவு காற்று வைக்கலாம்?

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய்களை நம்பியிருக்கிறோம் ("நோன் பொத்தாப்ல்", அதாவது குடிக்க உகந்ததல்ல, என்று எழுதியதை விட்டுவிட்டு). திங்கட்கிழமை மாந்தாயில் சாப்பாடு கிடைக்குமா? அந்த வழியில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.